கைப்பிடியில் ஒரு நடுக்கம்

ஜூன் 3, திங்கள்

பொள்ளாச்சி மெக்கானிக் ஷாஜகான் எழுதி வைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். பைக்கின் முன்பக்கம் எப்போது ஆடுகிறது, பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, வளைவிலா, நேர்ச்சாலையிலா என்று குறித்துக்கொண்டு வந்தால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றார். மருந்துக் கம்பெனி ஆள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

நேற்று மதியம் ஷெரினை ஹாஸ்டலில் விடுவதற்காகப் பொள்ளாச்சிக்கு இறங்கினேன். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சனிக்கிழமை எஸ்டேட்டுக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோய் விடுவேன். வால்பாறை மலைச்சாலை எனக்குப் புதிதில்லை. சோலைக்கரை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட்டாகச் சேர்ந்த நாளிலிருந்து மருந்து எடுக்க இதில்தான் ஏறி இறங்குகிறேன்.

அட்டகட்டிக்குக் கீழே ஒரு இடது வளைவு. முன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டி மூக்கைக் கீழே குத்தியது. கைப்பிடி வெடவெடவென்று ஆடியது. நான் ஒடித்த பக்கம் சக்கரம் வரவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டேன். எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓரத்துக்கு ஒடித்து நிறுத்தினார். பஸ்ஸின் முகப்பு விளக்கைக் கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் நின்றேன். டிரைவர் என்னைத் திட்டவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஆழியாறு வரும்வரை ஷெரின் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. வழக்கமாக ஹாஸ்டல் கேட்டைப் பார்த்ததும் குதித்து ஓடிவிடுவாள். நேற்று நான் வண்டியைத் திருப்பிக் கண்ணுக்கு மறையும்வரை கேட்டிலேயே நின்றாள்.

மனைவி ரெஜினாவிடம் சொல்லவில்லை. வண்டியைச் சரிசெய்துவிட்டால் சொல்லவேண்டிய தேவையே இருக்காது.

ஜூன் 9, ஞாயிறு

ஷாஜகானின் ஷெட்டில் இன்று முன்பக்கத்தைப் பிரித்தோம். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களை அவர் ஃபோர்க் என்கிறார். அதற்குள் ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். குழாயைக் கவிழ்த்தபோது ஆயில் டிகாஷன் மண்டியைப் போலக் கொஞ்சமாக வழிந்தது. ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் கிழிந்து பாதிக்கு மேல் எப்போதோ ஒழுகிப்போயிருக்கிறது.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள். கிழிந்த சீலை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதுதான், வேறு ஒன்றும் இல்லை.

புது சீல், கெட்டியான ஆயில். ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கையும் மாற்றினார். ஏறும்போது வண்டி நன்றாகவே வந்தது. பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துவது குறைந்திருக்கிறது.

குறிப்பு: நேர்ச்சாலையில் மெதுவாகப் போகும்போது வலது கைப்பிடியில் மட்டும் லேசான நடுக்கம். இன்னும் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

பேய் மழை. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வண்டியை எடுக்காததற்கு மழைதான் காரணம்.

ஜூன் 15, சனி

டாக்டரம்மா கூப்பிட்டு, மருந்துக் கவர்களில் நான் எழுதுவது படிக்க முடியாமல் இருப்பதாக வயசானவர்கள் குறை சொல்கிறார்கள் என்றார். ஒரு கவரை எடுத்துக் காட்டினார். 'காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்' என்று நான் எழுதியது ஆரம்பத்தில் ஒழுங்காக இருந்து போகப்போக எறும்பாகச் சிறுத்துக் கோட்டோடு கோடாகப் போயிருந்தது. இப்போது வரும் கவர்கள் சின்னதாக இருக்கின்றன என்றேன். அவர் கவரையும் என்னையும் பார்த்தார்.

முத்துக்கருப்பன் மாதாந்திர மாத்திரைக்கு வந்திருந்தார். ரிட்டையர் ஆன பங்களா தோட்டக்காரர். வரிசையில் நிற்கும்போதே அவருடைய கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அவரை உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது கவரை ஜன்னல் வழியாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறேன். கூட்டம் அதிகம்.

சாயங்காலம் அடுப்பில் மீன் கருகி வீடெல்லாம் புகை. நான் சமையலறைக்கு வெளியிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வந்த ரெஜினா ஓடிப்போய் அணைத்தாள். வாசனை கூடவா வரவில்லை என்று கேட்டாள். மழைக்கு மூக்கு அடைத்திருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் கண் விழித்ததுமே மலைச்சாலை நினைப்புதான். வளைவுகள் ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்தன. பள்ளத்தாக்குப் பக்கம் சுவர் இடிந்து கிடக்கும் இடம் திரும்பத் திரும்ப வந்தது. சர்ச்சில் பிரசங்கம் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மழையாக இருக்கிறது, பஸ்ஸில் போகிறாயா என்று ஷெரினிடம் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வேகமாக நடந்தாள். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கும் பெண். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் இறங்கினேன். பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனால் பள்ளத்தாக்கு கண்ணில் படாது. ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்தேன். இறங்கி முடிந்தபோது ரெயின்கோட்டுக்குள் சட்டை முழுக்க வேர்வை.

ஷாஜகானிடம் நடுக்கத்தைச் சொன்னேன். அவரே வண்டியை எடுத்துக்கொண்டு உடுமலை ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார்.

"ஆடவே இல்லீங்ணா. ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டிப் பார்த்தேன். கோடு கிழிச்ச மாதிரி போகுது."

"வலது பக்கம் ஆடுதுங்க."

"ஹேண்டில் ஒண்ணுதானுங்ணா? வலது பக்கம் ஆடுனா இடது பக்கமும் ஆடணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷம் பழகிய வண்டி, எனக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். ஷெட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கடினமான ஸ்பிரிங் போட்டுப் பார்க்கலாம் என்று ஷாஜகான் சமாதானம் சொன்னார். சரி, போடுங்கள் என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

புது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் இப்போது சக்கரம் தட்டிவிட்டு உடனே தரையைப் பிடித்துக்கொள்கிறது. வளைவில் ஒரே கோட்டில் நிற்கிறது. இவ்வளவு நாள் எதை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

நடுக்கம் போகவில்லை.

அரைகுறையாக மாற்றினால் இப்படித்தான் இருக்கும். முன்பக்கம் முழுவதையுமே மாற்றிவிடுங்கள் என்று ஷாஜகானிடம் சொன்னேன். பெரிய வண்டிகளுக்கு வரும் பருமனான ஃபோர்க், மேலே திருகு வைத்தது. ஓட்டுகிறவர் எடைக்குத் தக்கபடி இறுக்கலாம், தளர்த்தலாம். அவருக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இப்போதிருப்பதே இந்த வண்டிக்குப் போதும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் ஆஸ்பத்திரி மணி அடித்துவிட்டது. புதுச் சட்டை, துளை சின்னது. ரெஜினா வந்து போட்டுவிட்டாள். போட்டுவிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் பொத்தான்களையே பார்த்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

புது ஃபோர்க் ஏறிவிட்டது. நாள் முழுக்க ஷெட்டில்தான் இருந்தேன். குழாயில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டி, என்னை வண்டிமேல் உட்காரச் சொல்லி, என் எடைக்கு முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டை நகர்ந்த தூரத்தைப் பார்த்தார் ஷாஜகான். பிறகு மேல் திருகைக் கொஞ்சம் இறுக்கினார். மறுபடி உட்காரச் சொன்னார். மறுபடி திருகினார். தையல்காரர் அளவெடுப்பது போல எனக்கென்றே அளவெடுத்துப் பொருத்தினார்.

ஏறும்போது மழை இல்லை. ஆழியாறு தாண்டி முதல் வளைவில் பயத்தோடுதான் சாய்த்தேன். வண்டி நான் நினைத்த இடத்துக்குப் போனது. அடுத்த வளைவிலும் போனது. சாலையில் கிடக்கும் ஜல்லி, தார் பெயர்ந்த இடம், ஈரம், எல்லாம் கைக்குத் தெரிந்தது. ஆனால் எதுவும் வண்டியைத் தள்ளவில்லை. காடம்பாறை பிரிவு வந்தபோதுதான், இவ்வளவு தூரமும் பயப்படாமல் வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கி, புதுக் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் விஷயம் உட்பட. இனிமேல் பயமில்லை, அடுத்த வாரம் ஷெரினை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள், போதும் என்று நான் சொல்லும்வரை.

ஜூலை 20, சனி

ஷெரினைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மலைச்சாலை முழுக்க ஒரு குறையும் இல்லை. அப்பா, வண்டி மெத்தையில போற மாதிரி இருக்கு என்றாள்.

வால்பாறை தாண்டி எஸ்டேட்டுக்குப் பிரியும் சாலையில் யானைகள் நின்றன. தேயிலைக்குள்ளிருந்து இறங்கி, சாலையை அடைத்துக்கொண்டு, ஒரு தாயும் குட்டியும் இன்னும் இரண்டும். இன்னும் வெளிச்சம் இருந்தது. தூரத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பின்னால் வந்த ஜீப்பும் அணைத்தது. சத்தமே இல்லை. குட்டி புல்லைப் பிடுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

பின்னால் ஜீப் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று வலது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் ஜீப் நடுங்கிக்கொண்டிருந்தது. ஜீப், அதன் டிரைவர், பின்னால் இருந்த மரங்கள், எல்லாம் நடுங்கின. இடது கண்ணாடியிலும் அப்படியே.

வண்டி நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது.

ஷெரின் என் தோளுக்கு மேலாகக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, கைய எடுங்க."

"ஏம்மா?"

"ஹேண்டில்ல இருந்து வலது கைய மட்டும் எடுங்கப்பா."

எடுத்தேன். கண்ணாடி நின்றது. ஜீப்பும் மரங்களும் அசையாமல் நின்றன. என் கை தொடைமேல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. ஷெரின் பின்னாலிருந்து தன் கையை நீட்டி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

யானைக்குப் பயந்திருக்கிறேன். யானைக்கு யாரும் பயப்படுவார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

ஷெரின் பஸ்ஸில் போனாள்.

ஜூலை 24, புதன்

ரெஜினா இன்று காப்பகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. எதிரே உட்காரச் சொன்னாள்.

கிறிஸ்துமஸிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். சர்ச் வளாகத்தில் நடந்து போகும்போது என் இடது கை வீசுகிறது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. அதற்கப்புறம் கையெழுத்து, பொத்தான், கருகிய மீன். நான் சிரித்தால்கூட முகத்தில் சிரிப்பு வருவதற்கு நேரமாகிறது என்றாள். அவள் சொல்லச் சொல்ல, அவற்றில் ஒன்றுகூட எனக்குப் புதிது இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அப்படிக் கோபம் வந்தது.

கிறிஸ்துமஸிலிருந்து ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"பயமா இருந்துச்சுங்க. நான் வாயால சொன்னா அது வந்துடுமோன்னு பயம். நீங்க வண்டிதான் ஆடுதுன்னு சொன்னீங்க. நானும் வண்டியாவே இருக்கட்டும்னு தினம் ஜெபம் பண்ணேன்."

"வண்டிதான். எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப டாக்டரைப் பார்க்குறதுக்கு என்ன பயம்?"

சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன். மருந்து அலமாரியில் முத்துக்கருப்பனின் மாத்திரை இருக்கும் தட்டு என் கண் மட்டத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிக் கீழ்த் தட்டில் வைத்தேன்.

ஜூலை 29, திங்கள்

எனக்கும் ரெஜினாவுக்கும் பேச்சு இல்லை. தேவைக்கு மட்டும்.

ஆகஸ்ட் 3, சனி

இடது கையால் எழுதுகிறேன். விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. முன்பக்கத்தில் ஒரு கோளாறும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வலது கை வீக்கம் வடிந்திருக்கிறது. இன்று எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை இன்சுலின் எடுக்க நான்தான் போகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. திங்கட்கிழமை வரை பொறுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். தனியாகப் போய் வந்துவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ரெஜினாவிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். வாசலில் வந்து நின்றாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெல்மெட் வாரை அவளே மாட்டிவிட்டாள்.

பாதி இறக்கம் வரை நன்றாகப் போனேன். அப்புறம் ஒரு வலது வளைவு. இடது பக்கம் பள்ளத்தாக்கு, சுவர் உடைந்து சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிரேக் பிடிக்கவேண்டிய இடம் எனக்குத் தெரியும். கண் பார்த்தது, மனம் பிடி என்று சொன்னது. வலது கை விரல்கள் வரவில்லை. அவை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு அப்படியே இருந்தன. நான்கு விரல்களையும் பார்த்தேன். வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பது போல இருந்தது. மடங்குங்கள் என்று கெஞ்சினேன். அவை ஒவ்வொன்றாக, சோம்பேறித்தனமாகப் பிரேக்கை நோக்கிப் புறப்பட்டன.

அதற்குள் ரிப்பன் முன்னால் வந்துவிட்டது. கீழே மேகம், மேகத்துக்கு நடுவில் ஆழியாறு அணைத் தண்ணீர். கால் பிரேக்கை மிதித்து உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்தேன். அந்த முன் சக்கரம் பிடித்தது. எத்தனை சாய்த்தும் வழுக்காமல் பிடித்தது. பழைய ஃபோர்க்காக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வண்டி வளைவை அறுத்துக்கொண்டு மலைப் பக்கம் போய்ச் சாலையோர ஓடைக்குள் விழுந்தது. நான் அதற்கு மேலே விழுந்தேன். அந்த நேரம் எதிரே எந்த வண்டியும் வரவில்லை. அது கிருபை.

சுற்றுலா வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தித் தூக்கிவிட்டது. அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். என்னால் பிடிக்க முடியவில்லை, தண்ணீர் மார்பில் கொட்டியது. "கை இப்படி நடுங்குதே, ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம், பயந்துவிட்டேன் என்றேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஓடைக் கட்டையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அழுதேன்.

என்னை அவர்கள் காரிலும் வண்டியை ஒரு லாரியிலும் ஏற்றி வீடு சேர்த்தார்கள். ரெஜினா என்மேல் இருந்த சேற்றைக் கழுவிவிட்டாள். நான் சொல்வதற்கு முன்பே, அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூரில் டாக்டர் பார்க்கிறார், பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

பஸ்ஸில் போனோம். கோயம்புத்தூரில் அந்த நரம்பியல் டாக்டருக்கு ஷெரினைவிடப் பத்து வயசுதான் கூட இருக்கும். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை ஆரம்பித்து, சிறுத்து, நின்றுபோனது. வராந்தாவில் நடந்து திரும்பச் சொன்னார். ரெஜினா சுவரோரம் நின்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தாள்.

அவர் சொல்லும் முன்பே அவர் பேனா மாத்திரைப் பெயரை எழுதுவதைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். கீழ்த் தட்டில் நான் ஒளித்து வைத்த அதே மாத்திரை.

பார்க்கின்சன். எழுதிவிட்டேன்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்யும், பல வருஷம் வேலை பார்க்கலாம், நடக்கலாம் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். எங்கே ஓட்டுகிறீர்கள் என்றார். சொன்னேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

திரும்பும்போது பஸ் வளைவுகளில் ஏறியது. ரெஜினா ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் விழுந்த வளைவை அவளுக்குக் காட்டவில்லை. ரிப்பனைப் பார்த்ததும் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முத்துக்கருப்பனின் மாத்திரையைப் பழைய தட்டிலேயே வைத்தேன். ராத்திரி விழிப்பு வருகிறது. கைக்கு அப்புறம் கால், அப்புறம் பேச்சு, விழுங்குவது. படித்த படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

எஸ்டேட் மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், வண்டிச் சாவியைக் கொடுங்கள் என்றாள் ரெஜினா. காப்பகத்துக்கு அவள் மொபெட்டில்தான் போகிறாள், கியர் வண்டி ஓட்டியதில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். "வித்துட்டா டவுனுக்கு எப்படிப் போறது? ஒவ்வொரு தடவையும் ஜீப்புக்கு யாரையாவது கெஞ்சணுமா?" என்று கேட்டாள்.

முதல் சுற்றில் கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றது. இரண்டாவது சுற்றில் கோல் கம்பத்தில் போய் இடித்தாள். பூட்டிய கேண்டீன் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ, இந்த வண்டியில் இவள் இந்த மலையிலா என்றிருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ரெஜினாவுக்கு இப்போது மூன்றாவது கியர் வரை பிசகில்லை. ஆனால் சின்னக் கல்லில் ஏறினாலும் முன்பக்கம் கட்டை மாதிரி உதைக்கிறது, தோள் வலிக்கிறது என்றாள். எனக்கு உடனே புரிந்தது. என் எடைக்கு இறுக்கி வைத்த ஸ்பிரிங். அவள் என்னில் முக்கால்வாசிதான் இருப்பாள்.

ஷாஜகானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதம் ஷெட்டில் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அத விடுங்ணா என்று சொல்லிவிட்டு, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொன்னார்.

குழாயில் டை கட்டி ரெஜினாவை உட்கார வைத்தேன். அவள் எடைக்கு முன்பக்கம் இறங்கவே இல்லை. ஸ்பானரைத் திருகில் வைக்க முயன்றேன், மூன்று தடவையும் நழுவியது. ரெஜினா இறங்கி வந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். நான் சொன்னேன், அவள் தளர்த்தினாள். ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், தளர்த்தினாள். டை சரியான இடத்துக்கு வந்தபோது மைதானத்தில் ஒரு சுற்று போய் வந்து, இப்போது உதைக்கவில்லை என்றாள்.

இனிமேல் நான் உட்கார்ந்தால் அது எனக்குச் சரியாக இருக்காது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று ஆராதனைக்கு வால்பாறைக்கு வண்டியில் போனோம். ரெஜினா ஓட்டினாள். நான் பின்னால்.

பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் என்ன செய்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் முதல் பயம். வளைவு வரும், அவள் பிரேக் பிடிக்கிறாளா இல்லையா என்று தெரியாது, வண்டி சாயும். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவேன். "அசையாம உக்காருங்க" என்று அதட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் பயம். திறந்துகொண்டேன்.

பாதி வழியில் பனி இறங்கியது. சாலை, தேயிலை, எதிரே வரும் வண்டி, எதுவும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று புரியவில்லை. ரெஜினா அடுத்த வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டிக் காலை ஊன்றி நிறுத்தினாள். அவள் முதுகு விறைத்திருந்தது.

"என்னால முடியாதுங்க. இந்த ஒரு வளைவு மட்டும் நீங்க ஓட்டுங்க."

காலையில் போட்ட மாத்திரைக்குக் கை ஓரளவு அடங்கியிருந்தது. அந்த வளைவு எனக்கு மனப்பாடம். இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போய்விடலாம். ஒரே ஒரு வளைவு. இறங்கி முன்னால் வந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். கைப்பிடியில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் வந்தன. இன்னொரு தடவை பிடித்தேன். வந்தன, கொஞ்சம் யோசித்துவிட்டு.

கையை எடுத்துவிட்டேன்.

"என்னாலயும் முடியாது ரெஜினா."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டரிடம்கூட நான் சொல்லவில்லை, அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். ரெஜினா என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். இருவரும் பக்கத்துப் பாலக் கட்டையில் போய் உட்கார்ந்தோம். லாரி எங்களைத் தாண்டிப் போனது, விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. வண்டி இல்லாமல், பஸ் இல்லாமல், இந்த மலையில் இருவரும் இப்படியே உட்கார்ந்திருக்கவேண்டி வந்தால் என்ன செய்வோம் என்று தோன்றியது. அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கும். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்ததில், அவள் மூச்சு வேகமாக வருவது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் வளைவைப் பற்றிக் கேட்டாள். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். நான் சொன்னேன். தரையில் குச்சியால் போட்டும் காட்டினேன், கோடு நெளிந்து நெளிந்து போனது. அவளுக்குப் புரிந்தது. மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பனி முழுதாக விலகவில்லை. எதிர் வளைவில் இருந்த போர்டு தெரிகிற அளவுக்கு விலகியதும், போகலாமா என்று கேட்டுவிட்டு ரெஜினா எழுந்தாள். நான் பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.